மே தின இரவுக்கு எந்தப் படம் போடுவது?

காரைக்குடியில் ஜவுளிக்கடை, நகைக்கடை, பைனான்ஸ் ஆபீஸ் என்று வேலை பார்க்கும் கொஞ்சப் பேர் சேர்ந்து, வரும் மே 1 இரவு ஒரு படம் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம். எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது வருஷத்தில் அபூர்வம். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், திரை கட்டிக்கொள்ளச் சம்மதம் வாங்கியாயிற்று. புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் வாடகைக்குப் பேசியாயிற்று. படம்தான் முடிவாகவில்லை. முதலாளியை ஒரு வழி பண்ணும் சிரிப்புப் படமாக இருக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே பேச்சு. எந்தப் படம் என்று கேட்டால் இரண்டு கட்சி.

பில்லிங்கில் இருக்கும் தம்பிகளுக்கு ‘ஹாரிபிள் பாஸஸ்’ என்ற ஹாலிவுட் படம் வேண்டும். அதை ஏற்கெனவே பார்த்துவிட்ட சேலை செக்‌ஷன் அக்கா ஒருவர், “அந்தக் கண்றாவியைப் பிள்ளைகளை வச்சுக்கிட்டுப் பாக்க முடியாது தம்பி” என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கத்துப் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு மாற்றாக ‘ஆபீஸ் ஸ்பேஸ்’, ‘நைன் டு ஃபைவ்’ என்று இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை மறைக்கவில்லை.

தமிழ்ப் படம் ஏன் இல்லை என்று கேட்கலாம். ஜவுளிக்கடை என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 2010ல் வந்த ‘அங்காடித் தெரு’. நல்ல படம். ஆனால் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவர்களை, லீவு நாளிலும் அதையே பார்த்து அழுங்கள் என்று உட்கார வைக்க எனக்கு மனசில்லை. இன்னொருவர் ‘சபாபதி’யைச் சொன்னார். நம் ஊர்க்காரர் ஏ.வி. மெய்யப்பன் 1941ல் எடுத்த படம், கதை பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். வேலைக்காரனாக வரும் காளி என். ரத்தினத்தைப் பார்த்து இன்றைக்கும் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் அதில் சிரிப்பு முழுக்க வேலைக்காரனுடைய மந்தபுத்தியின் மேல்தான் விழுகிறது. மற்ற நாளில் போடலாம், மே தினத்தில் வேண்டாம். இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அளவுகோல் கிடைத்தது. கெட்ட வார்த்தை எத்தனை வருகிறது என்று எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை. சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் போதும்.

சரி, தம்பிகளின் படத்துக்கு வருவோம். ‘ஹாரிபிள் பாஸஸ்’ 2011 ஜூலையில் வந்தது, சேத் கார்டன் இயக்கியது. மூன்று நண்பர்கள், மூன்று மேலதிகாரிகள். நிக் என்பவன் பதவி உயர்வு வரும் வரும் என்று நம்பி விடியற்காலையே ஆபீஸுக்கு ஓடுகிறான். இரண்டு நிமிஷம் தாமதமானால்கூட அதைக் குத்திக்காட்டும் அதிகாரி, கடைசியில் அந்தப் பதவியையும் தானே வைத்துக்கொள்கிறார். கர்ட் ஒரு ரசாயனக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். தங்கமான பெரிய முதலாளி மாரடைப்பில் போய்ச் சேர, போதைப்பழக்கத்தில் ஊறிய மகன் நாற்காலிக்கு வருகிறான். டேல் பல் மருத்துவரிடம் உதவியாளன். அந்த மருத்துவர் ஒரு பெண். வேலை நேரத்தில் அவனை விடாமல் பாலியல் தொல்லை செய்கிறார். மூன்று பேரும் குடித்துக்கொண்டே பேசி, மூன்று அதிகாரிகளையும் தீர்த்துக்கட்டுவது என்ற முடிவுக்கு வருகிறார்கள். கொலைக்கு ஆள் தேடிப் போனால் கிடைப்பவர் ஆலோசனை மட்டும் தருவாராம், அதற்கு 5,000 டாலர். அவர் உண்மையில் ஜெயிலுக்குப் போனது எதற்கு என்றால், தியேட்டரில் உட்கார்ந்து படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததற்கு. இந்த இடத்தில் தம்பிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பணத்தைப் பார்த்தால் படம் பெரிய வெற்றி. ஏறக்குறைய 3.5 கோடி டாலர் செலவில் எடுத்து, உலகம் முழுவதும் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தார்கள். விமர்சனங்கள் அன்றைக்கே பிரிந்துதான் நின்றன. ராஜர் ஈபர்ட் போன்ற பெரிய விமர்சகர் மனம் விட்டுப் பாராட்டினார். வேறு பலர் ஆபாசம், அடாவடி, பெண்களைக் காட்டியிருக்கும் விதம் இவற்றைச் சொல்லி முகம் சுளித்தார்கள்.

படத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் எனக்கு உண்மையாகவே பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பிடிக்காவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டியதுதானே என்று சும்மா இருப்பவர்கள் கேட்பார்கள். படம் அந்தக் கேள்விக்கு ஆரம்பத்திலேயே பதில் வைத்திருக்கிறது. பாரில் இவர்களுடைய பழைய நண்பன் ஒருவன் வருகிறான். லேமன் பிரதர்ஸில் பெரிய வேலையில் இருந்தவன். 2008ல் அந்த வங்கி திவாலான பிறகு, பிழைப்புக்காகச் சொல்லக் கூசும் காரியத்தைச் செய்யத் தயாராக நிற்கிறான். அவனைப் பார்த்த பிறகு மூன்று பேருக்கும் வேலையை விடும் எண்ணம் போய்விடுகிறது. காட்சி கொச்சையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடன் இருப்பவனுக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதைத் தவிர வழி இல்லை என்பதை அது பட்டென்று சொல்லிவிடுகிறது. நகைக்கடனும் சீட்டுப் பணமும் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கர்ட்டின் பகுதியும் வலுவாகவே இருக்கிறது. புது முதலாளி வந்தவுடன், உடம்பு பெருத்த ஊழியரையும் சக்கர நாற்காலியில் இருப்பவரையும் வேலையை விட்டு அனுப்பச் சொல்கிறான், காரணம் பார்க்க நன்றாக இல்லை என்பது. அப்பா காலத்து மரியாதை மகன் காலத்தில் இல்லாமல் போவது செட்டிநாட்டில் எத்தனையோ தொழிலில் நடந்த கதை. இந்தப் பகுதியில் சிரிப்பு விழ வேண்டிய ஆள் மேலேயே விழுகிறது.

அக்காக்கள் சொல்லும் குறை டேலின் பகுதியில்தான் இருக்கிறது. ஆபாசமாகப் பேசுகிறார்கள் என்பதற்காக ஒரு படத்தை ஒதுக்கினால், சித்திரைத் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்க்கும் நம் ஊரில் அது எடுபடாது. முருகன் வருவதற்கு முன்னால் பபூனும் டான்ஸ்காரம்மாவும் பேசும் பேச்சை வீட்டில் யாராவது பேசினால் அடி விழும். அங்கே எழுபது வயதுப் பாட்டிகள் பாய் போட்டு உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்கள். ஏன் அது அருவருப்பாக இருப்பதில்லை? பபூன் எத்தனை ஏடாகூடமாகப் பேசினாலும் அந்த அம்மா விடுவதில்லை. நல்ல டான்ஸ்காரம்மா நாலு வார்த்தையில் அவன் மூக்கை அறுத்துவிடுவார். கூட்டம் கைதட்டுவது அந்தப் பதிலுக்குத்தான். கொச்சைப் பேச்சில் இரண்டு பேருக்கும் வாய் இருந்தால் அது விளையாட்டு.

டேலுக்கு வாய் இல்லை. வேறு வேலையும் அவனுக்குக் கிடைக்காது. காலியாகக் கிடந்த விளையாட்டு மைதானத்தில் ராத்திரி சிறுநீர் கழித்த குற்றத்துக்காக அவன் பெயர் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் ஏறியிருக்கிறது. மருத்துவரின் தொல்லையை நண்பர்களிடம் சொன்னால், அவ்வளவு அழகான பெண் தொல்லை செய்வதெல்லாம் ஒரு கஷ்டமா என்று அவர்கள் தட்டிவிடுகிறார்கள். நண்பர்களின் மடத்தனத்தைத்தான் படம் கிண்டல் செய்கிறது என்று ஒரு தம்பி வாதாடினார். அப்படிப் படிக்க இடம் இருக்கிறது. ஆனால் கேமரா நண்பர்களின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அந்த மருத்துவரைப் பார்க்கிறது. அவன் நெளிய நெளிய நம்மையும் சேர்த்துச் சிரிக்க வைக்கிறது. மூன்று முதலாளிகளில் இரண்டு பேரின் கொடுமைக்குக் கோபம் வருகிறது, ஒருவரின் கொடுமைக்கு மட்டும் சிரிப்பு வர வேண்டுமாம். இது எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் கூட்டத்தில் இருக்கும் பெண்களில் சிலர், வேலையிடத்தில் நடந்ததை வெளியே சொல்லி, “இதெல்லாம் பெருசா எடுத்துக்காதம்மா” என்ற பதிலை வாங்கியவர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ல் சட்டமே வந்துவிட்டது. பத்துப் பேருக்குக் குறைந்த சின்னக் கடை என்றால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அப்படியும் அந்தப் பதில் மாறவில்லை. அந்தச் சட்டம் பெண்களுக்கானது. டேல் போன்ற ஓர் ஆண் நம் ஊரில் இருந்தால் அதன் கீழ்ப் புகார் கொடுக்கவும் வழியில்லை. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், அக்கா சொன்ன ‘கண்றாவி’யைக் கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. தனக்கு நடந்ததைத் திரையில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கைகொட்டிச் சிரிப்பதை யார் தாங்குவார்கள்?

முடிவும் எனக்கு ஏமாற்றம்தான். பழிவாங்கப் புறப்பட்ட மூன்று பேரும் யாரையும் பழிவாங்குவதில்லை. ஓர் அதிகாரி பொறாமையில் இன்னொருவனைச் சுட்டுவிட்டு ஜெயிலுக்குப் போகிறார். மருத்துவரை டேல் ரகசியமாகப் படம் பிடித்து மிரட்டி அடக்குகிறான். நிக்குக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது, அதோடு புதிதாக இன்னொரு கொடுமைக்கார மேலதிகாரியும் கிடைக்கிறார். ஆபீஸ் இருந்தபடியே இருக்கிறது.

‘ஆபீஸ் ஸ்பேஸ்’ பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மைக் ஜட்ஜ் எடுத்து 1999ல் வந்த படம். தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. அப்புறம் வீடியோவிலும் டிவியிலும் பார்த்துப் பார்த்து ஜனங்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மூன்றில் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்ட படம் இதுதான் என்பேன். கம்ப்யூட்டர் கம்பெனியில், 2000ஆம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதியில் தடுமாறும் என்ற குழப்பத்தைச் சரிசெய்ய வரிவரியாக புரோகிராம் திருத்தும் ஒருவன், ஹிப்னாடிச வைத்தியத்துக்குப் போன இடத்தில் வைத்தியர் பாதியில் செத்துவிட, அதே மயக்கத்தில் கவலையற்ற மனிதனாகிவிடுகிறான். இழுத்து இழுத்துப் பேசியே ஆளைக் கொல்லும் மேலதிகாரி, ஸ்டேப்ளரைப் பறிகொடுத்து முணுமுணுக்கும் மில்டன், வயல்வெளிக்குக் கொண்டுபோய் பிரின்டரை அடித்து நொறுக்கும் காட்சி, எல்லாமே அருமை. அந்தச் சிவப்பு ஸ்டேப்ளரைக் கேட்டு ஆட்கள் மொய்த்ததில், ஸ்விங்லைன் கம்பெனி அப்புறம் உண்மையாகவே அந்த நிறத்தில் செய்து விற்றது.

ஆனால் அது நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போனவனின் கதை. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு நாற்காலி கிடைப்பதே பிரச்சினை. கேரளத்தில் 2018லும் தமிழ்நாட்டில் 2021லும் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். சட்டம் வந்த பிறகும் ஸ்டூல் மூலையில் கிடக்கும், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். அவர்களுக்கு அந்தச் சலிப்பு ஒட்டாது. படத்தின் சிரிப்பு முழுக்க ஆங்கிலப் பேச்சின் இழுவையில் இருப்பதால் தமிழில் எடுத்துச் சொல்லவும் முடியாது. பைனான்ஸ் ஆபீஸ் ஆட்களும், சென்னையிலிருந்து லீவுக்கு வரும் ஐடி பிள்ளைகளும் தனியாகப் பார்க்கட்டும். 89 நிமிஷம்தான்.

என் ஓட்டு ‘நைன் டு ஃபைவ்’ படத்துக்கு. 1980 டிசம்பரில் வந்தது. பழைய படம் என்று தம்பிகள் முகத்தைத் திருப்புகிறார்கள். முதல் அரைமணி நேரம் கொஞ்சம் மெதுவாகப் போவதும் உண்மை. ஆனால் மூன்றிலும் வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டு எடுத்த படம் இது ஒன்றுதான். 1973ல் பாஸ்டனில் ஆபீஸ் வேலை பார்த்த பெண்கள் ‘நைன் டு ஃபைவ்’ என்ற பெயரில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதை நடத்திய கேரன் நஸ்பாம், இந்தப் படத்தில் நடித்த ஜேன் ஃபோண்டாவுக்குத் தோழி. அந்தப் பெண்கள் சொன்ன அனுபவங்களிலிருந்து படம் பிறந்தது. அந்த ஈரம் படத்தில் தெரிகிறது.

வயலெட் என்பவர் பல வருஷம் அந்தக் கம்பெனியில் இருப்பவர். அவர் வேலை கற்றுக்கொடுத்த ஹார்ட் என்ற ஆள் அவரைத் தாண்டி மேலே போய் அவருக்கே அதிகாரியாகிறான். அவர் யோசனையைத் தன் யோசனை என்று மேலிடத்தில் சொல்லிப் பெயர் வாங்குகிறான். காபியும் அவர்தான் கொண்டுவர வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் நம் ஊர் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாள் ஆகி, ஒருநாள் ஏஜெண்டு ஆகலாம் என்ற படிக்கட்டு இருந்தது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊரில், ஒருவர் ஏற வேண்டிய படியில் இன்னொருவரை ஏற்றினால் எவ்வளவு எரியும் என்று சொல்லத் தேவையில்லை. டாலி பார்ட்டன் நடித்த டோரலி, அந்த அதிகாரியின் செக்ரட்டரி. அவன் தொல்லையை அவர் ஒவ்வொரு நாளும் தட்டிவிடுகிறார். அவனோ அவரோடு தொடர்பு இருப்பதாக ஆபீஸ் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறான். யாரும் தன்னோடு ஏன் பேசுவதில்லை என்றே அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் அவர் அவன் அறைக்குள் போய்ப் பேசும் பேச்சுக்கு எங்கள் வளவில் விசில் பறக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இங்கே தொல்லைக்கு ஆளானவருக்கு வாய் இருக்கிறது. இரண்டு படத்துக்கும் எனக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் அதுதான்.

கொலை ஆசை இதிலும் உண்டு. மூன்று பெண்களும் ஒரு ராத்திரி ஆளுக்கொரு விதமாக அவனைக் கொல்வதாகக் கற்பனை செய்கிறார்கள். ஒருவர் துப்பாக்கியோடு வேட்டையாடுகிறார், ஒருவர் கயிறு வீசி மாட்டைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறார், வயலெட் தேவதைக் கதையில் வருவதுபோல் காபியில் விஷம் கலக்கிறார். மறுநாள் டப்பா மாறிப்போய் வயலெட் உண்மையாகவே எலி மருந்தைக் கலந்துவிட, அவன் செத்துவிட்டதாக நினைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாருடைய பிணத்தையோ காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பாஷை தெரியாவிட்டாலும் சிரிக்கலாம். மூவரில் மூன்றாமவரான, வேலைக்குப் புதிதாக வரும் ஜூடி, ஜெராக்ஸ் மெஷினிடம் மாட்டிக்கொண்டு தவிப்பதும் அப்படித்தான். முதலாளி காதில் எல்லாவற்றையும் போட்டுக்கொடுக்கும் ராஸ் என்ற அம்மாள் லேடீஸ் டாய்லெட்டில்கூட ஒட்டுக்கேட்கிறார். எங்கள் ஆட்கள் அவருக்கு உடனே ஓர் ஊர்ப்பெயர் வைத்துவிடுவார்கள்.

ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுப்பது சிரிப்புக்காக மட்டும் இல்லை. ஹார்ட்டை அவன் வீட்டிலேயே கட்டிப்போட்ட பிறகு அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்காக. அவன் கையெழுத்தை டோரலி போடுகிறார். அந்தக் கையெழுத்தோடு ஒவ்வோர் உத்தரவாக வெளியே போகிறது. வேலை நேரத்தை அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு வேலையை இரண்டு பேர் பாதிப் பாதி நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆபீஸிலேயே இடம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். முதலாளி இல்லாத ஆபீஸ் முன்னைவிட நன்றாக ஓடுகிறது. மற்ற இரண்டு படங்களிலும் இப்படி ஒரு காட்சி கிடையாது. கோபம் எதற்கு என்று தெரிந்தவர்கள் எழுதிய பகுதி அது.

கெட்டவனுக்குச் சரியான தண்டனை கிடைப்பதில்லை என்று தம்பிகள் சொல்லும் குறை உண்மை. பெரிய முதலாளி வந்து, மாற்றங்களெல்லாம் ஹார்ட் செய்தவை என்று நம்பி, பாராட்டி, பிரேசிலுக்கு அனுப்பிவைக்கிறார். மேலே போகிற மாதிரியே ஆளை அப்புறப்படுத்துவது எல்லா ஆபீஸிலும் நடப்பதுதானே? போகும்போது அவர், மற்றதெல்லாம் இருக்கட்டும், இந்தச் சம சம்பளம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். இந்தியாவில் சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்தது. அப்படி இருந்தும் ஒரே கவுண்டரில் நிற்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் சம்பளக் கவரில் என்ன வித்தியாசம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

நடைமுறையில் சில விஷயங்கள். படம் 110 நிமிஷம். இருட்டியபின் ஏழரைக்கு ஆரம்பித்தால், நடுவில் பணியாரத்துக்கும் காபிக்கும் விட்டாலும் பத்து மணிக்குள் முடியும். தேவகோட்டைப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மூன்று பெண்களும் கஞ்சா புகைக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒருவர் மைக்கில் தமிழில் எடுத்துச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், அதற்கு நகைக்கடை அக்கா ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எல்லா வரியையும் சொல்ல வேண்டாம், கதை நகரும் இடங்கள் போதும்.

‘ஹாரிபிள் பாஸஸ்’ கேட்ட தம்பிகளை வெறுங்கையோடு அனுப்பும் எண்ணம் இல்லை. 98 நிமிஷப் படம், விருப்பப்பட்டவர்கள் மட்டும், பெரியவர்கள் மட்டும், வேறொரு ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டில் போட்டுக்கொள்ளலாம். நானும் வருவேன். கர்ட் வரும் காட்சிகளை மறுபடி பார்க்க எனக்கும் ஆசைதான். டேல் வரும் காட்சிகளில் யார் எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர்களோடு உட்கார்ந்து சண்டை போடவும் வேண்டும். 2014ல் வந்த அதன் இரண்டாம் பாகத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

சேலை செக்‌ஷனில் இருந்து இன்னும் மூன்று பேரின் சம்மதம் வர வேண்டியிருக்கிறது. வேறு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் ஏப்ரல் 25க்குள் சொல்லிவிடுங்கள், புரொஜெக்டர்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.